ஒலிம்பிக்குக்கு வெளியே நின்றவர்கள்

தை, மாசி வந்தால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். இல்லச் சோடனை, அணிநடை, கொடியேற்றம், ஒரு வீரர் தீபத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து 'ஒலிம்பிக் தீபம்' ஏற்றுவது, பிறகு சத்தியப்பிரமாணம், கடைசியில் ஒன்று இரண்டு மூன்று என்று மேடையில் ஏறி நிற்கிற பிள்ளைகளுக்குப் பதக்கம். இதையெல்லாம் பார்க்கிறவர்கள் இது ஏதோ ஆதி கிரேக்கத்தில் இருந்து வழிவழியாக வந்த சடங்கு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அதில் ஏறக்குறைய ஒன்றுமே கிரேக்கத்துச் சரக்கு இல்லை.

மைதானத்தில் தீபம் எரியவிட்டது 1928 அம்ஸ்டர்டாமில். அதைத் தூக்கிக்கொண்டு தொடர் ஓட்டமாக ஓடுவது 1936 பேர்லினில் வந்தது. ஹிட்லர் காலத்து ஜேர்மனியில் ஏற்பாட்டுக் குழுவை நடத்திய கார்ல் டீம் என்பவர் கொண்டுவந்த காட்சி அது, பந்தங்களைச் செய்து கொடுத்தது குருப் (Krupp) என்கிற ஆயுத, இரும்புக் கம்பெனி. சத்தியப்பிரமாணம் 1920 அன்ட்வேர்ப்பில், விக்டர் பொயின் என்ற பெல்ஜிய வாள்வீச்சுக்காரர் முதன்முதலில் எடுத்தது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற மூன்றடுக்கு 1904 சென். லூயிசில். அந்த ஒன்று இரண்டு மூன்று மேடை இருக்கிறதே, அது ஒலிம்பிக்கில் பிறந்ததே இல்லை, 1930இல் கனடாவின் ஹமில்ற்றன் நகரில் நடந்த முதலாவது பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் வைத்தார்கள், ஒலிம்பிக் அதை 1932இல் எடுத்துக்கொண்டது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பல நாடுகள், பல விளையாட்டுகள், ஒரே இடம் என்ற இந்த ஏற்பாட்டின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒலிம்பியாவில் தொடங்கி ஒரே நேர்கோட்டில் 2024 பரிஸ் வரை இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில்தான் முக்கால்வாசி வரலாறு இருக்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் போய்த் தங்களுக்கென்று ஒரு போட்டியை நடத்துவார்கள், அது கொஞ்சம் பெரிதானதும் பெரிய போட்டிக்காரர்கள் பயந்துபோய்க் கதவைத் திறப்பார்கள். இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

சரி, கிரேக்கத்தில் என்னதான் நடந்தது? கி.மு. 776 என்பது பதிவில் இருக்கிற முதல் ஆண்டு. அந்த முறை ஒரே ஒரு பந்தயம்தான், ஒலிம்பியாவில் சுமார் 192 மீற்றர் நீளமான ஓட்டம். வென்றவர் எலிஸ் ஊரைச் சேர்ந்த கொரோய்பஸ் என்ற சமையற்காரர். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு இந்த ஒரு ஓட்டம்தான். கி.மு. 724இல்தான் போய்த் திரும்பும் ஓட்டம் சேர்ந்தது, பிறகு மல்யுத்தம், குத்துச்சண்டை, தேர்ப் பந்தயம், கடிப்பதையும் கண்ணைத் தோண்டுவதையும் தவிர எல்லாம் செய்யலாம் என்ற பங்கிராஷன் சண்டை என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஆனால் அது முதலில் ஒரு கோயில் திருவிழா, விளையாட்டு அதற்குள்தான் நடந்தது. சியூஸ் கடவுளுக்கு நூறு எருதுகளைப் பலி கொடுப்பார்கள், இலையான் தொல்லை தாங்காமல் 'இலையான்களை விரட்டும் சியூஸ்' என்று தனியாக ஒரு வழிபாடும் இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியச் சிரமம் இருக்காது. கண்ணகை அம்மனுக்காகக் கொம்பு முறிக்கிறபோது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது, பிறகு ஒரே பரிகாசம்தான். அதை விளையாட்டு என்பீர்களா, வழிபாடு என்பீர்களா? ஒலிம்பியாவும் அப்படித்தான் இருந்தது.

ஒலிம்பியா தனியாகவும் இருக்கவில்லை. டெல்பியில் அப்பொலோவுக்கு, கொரிந்துக்குப் பக்கத்தில் பொசைடனுக்கு, நெமியாவில் மறுபடி சியூசுக்கு என்று நான்கு பெரிய விழாக்கள் சுழற்சியில் வரும். ஒலிம்பியாவில் ஒலிவ் இலை, டெல்பியில் வாகை போன்ற லோரல் இலை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முடி. நான்கிலும் வென்றவருக்குத் தனிப் பட்டமே உண்டு. இத்தாலியின் தென்முனையில் இருந்த குரோட்டன் நகரத்து மல்யுத்தக்காரர் மைலோ ஒலிம்பியாவில் மட்டும் ஆறு முறை வென்றார். இலைமுடிதான் பரிசு என்பதால் காசுக்காக ஆடாத தூய்மையான ஆட்கள் என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் என்ன கிடைத்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. ஏதென்ஸ் நகரம் ஒலிம்பியாவில் வென்றவருக்கு 500 டிராக்மா கொடுத்தது, வாழ்நாள் முழுக்க நகரச் செலவில் சாப்பாடும் போட்டது. கி.மு. 388இலேயே யூப்போலஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் எதிராளிகளுக்குக் காசு கொடுத்துத் தோற்கச் சொல்லி மாட்டிக்கொண்டார். இப்படி மாட்டியவர்களிடம் வாங்கிய தண்டப் பணத்தில் வெண்கலச் சிலைகள் செய்து, மைதானத்துக்குப் போகிற வழியில் வரிசையாக நிறுத்திவைத்தார்கள். அந்தச் சிலைகளின் அடிப்பீடங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

வாசலில் யார் நின்றார்கள்? கிரேக்க ஆண், அதுவும் அடிமையாக இல்லாதவன், அவனுக்குத்தான் ஓட அனுமதி. மக்கெடோனிய அரசன் முதலாம் அலெக்சாந்தரே தான் கிரேக்கன்தான் என்று நிரூபித்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. மணமான பெண்களுக்குப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. அதே ஒலிம்பியாவில் ஹேரா தெய்வத்துக்காக மணமாகாத பெண்களுக்குத் தனி ஓட்டப் போட்டி இருந்தது, சற்றுக் குறைந்த தூரத்தில். ஸ்பார்ட்டா அரச குடும்பத்துப் பெண் கினிஸ்கா ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். தேர்ப் பந்தயத்தில் பரிசு சாரதிக்குப் போகாது, குதிரைகளின் சொந்தக்காரருக்குத்தான் போகும். அவர் தன் குதிரைகளை அனுப்பி கி.மு. 396இலும் 392இலும் வென்றார். வேலி போட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒலிம்பிக் சமாதானம் என்று ஒன்றைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். 1993 முதல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கு முன்னும் அதற்காகத் தீர்மானம் போடுகிறது. பண்டைய ஏற்பாடு அவ்வளவு பெரிதாக எதையும் வாக்குறுதி தரவில்லை. விழாவுக்குப் போகிறவர்களை வழியில் தாக்காதே, ஒலிம்பியாவுக்குள் படை கொண்டுவராதே, அவ்வளவுதான். போர்கள் அவற்றின் பாட்டுக்கு நடந்தன. கி.மு. 420இல் ஸ்பார்ட்டாவை இந்த விதியை மீறியதற்காகத் தடை செய்தார்கள். கி.மு. 364இல் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிம்பியாவின் புனித வளாகத்துக்குள் ஆர்க்கேடியரும் எலிசுக்காரரும் சண்டை பிடித்தார்கள்.

ரோமர் வந்த பிறகும் விழா நெடுங்காலம் ஓடியது. கி.மு. 80இல் சுல்லா என்ற தளபதி ஒலிம்பியாப் போட்டிகளைப் பிடுங்கி ரோமுக்கே கொண்டுபோனார். நீரோ மன்னர் தனக்கு வசதியாகப் போட்டியை கி.பி. 67க்குத் தள்ளிவைத்து, பத்துக் குதிரைத் தேரில் ஏறி, பாதி வழியில் விழுந்து, ஓட்டத்தை முடிக்காமலே வெற்றியாளர் ஆனார். நடுவர்களுக்கு உயிர்ப்பயம் இருக்காதா என்ன. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், பழைய தெய்வ வழிபாடுகளைக் கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியஸ் தடை செய்ததோடு கதை முடிகிறது, வழக்கமாகச் சொல்லும் ஆண்டு 393.

அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம். ஒலிம்பிக் என்ற பெயரை வைத்துச் சின்னச் சின்ன ஊர் விழாக்கள் நடந்தன. இங்கிலாந்தில் கொட்ஸ்வோல்ட் மலைப்பக்கம் 1612 வாக்கில் ரொபர்ட் டோவர் என்ற சட்டத்தரணி நடத்தியது ஒன்று. 1850இல் மச் வென்லொக் என்ற ஊரில் வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற வைத்தியர் தொடங்கியது இன்னொன்று. கிரேக்கத்திலேயே சப்பாஸ் என்ற பணக்காரரின் காசில் 1859, 1870, 1875இல் ஏதென்சில் போட்டிகள் நடந்தன. பிரெஞ்சுக்காரர் பியேர் டி கூபெர்ட்டன் இவற்றைப் பார்த்து, புரூக்சைப் போய்ச் சந்தித்து, 1894 ஜூனில் பரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூட்டி சர்வதேச ஒலிம்பிக் குழுவை அமைத்தார். 1896இல் ஏதென்சில் 14 நாடுகளைச் சேர்ந்த 241 பேர் போட்டியிட்டார்கள். 241 பேரும் ஆண்கள்.

கூபெர்ட்டனுக்குப் பெண்கள் ஓடுவது பிடிக்கவே பிடிக்காது, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. 1900 பரிசில் 997 பேரில் 22 பேர் பெண்கள், டென்னிஸ், கோல்ப் மாதிரிச் சீமாட்டிகளின் விளையாட்டுகளில். இன்னொரு வேலி கண்ணுக்குத் தெரியாதது. காசு வாங்காமல் ஆடுகிறவர்தான் கௌரவமான வீரர் என்ற விதி. இந்த விதி பிறந்த இங்கிலாந்தில் படகோட்டச் சங்கங்களும் ஓட்டச் சங்கங்களும் கைவேலை செய்கிற தொழிலாளியை அப்படியே விலக்கி வைத்திருந்தன. தோணி வலித்துப் பிழைக்கிறவன் படகுப் பந்தயத்தில் சேரக் கூடாது என்றால் அது யாருக்கான பந்தயம்? 1912 ஸ்டொக்ஹோமில் ஐந்து அம்சப் போட்டி, பத்து அம்சப் போட்டி இரண்டையும் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப்பிடம் இருந்து அடுத்த ஆண்டே பதக்கங்களைப் பறித்தார்கள். எப்போதோ சின்னச் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடியது குற்றம். அவர் செத்து முப்பது வருடம் கழித்து 1983இல் பிரதிப் பதக்கங்களைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள், தனி வெற்றியாளர் என்று முழுதாக ஒத்துக்கொண்டது 2022இல்.

வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் அலிஸ் மிலியா என்ற பெண், தானே படகு வலிப்பவர், பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகளை ஒலிம்பிக்கில் சேருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். 1922 ஓகஸ்டில் பரிசில் அவரே 'பெண்கள் ஒலிம்பிக்' என்று ஒன்றை நடத்தினார், ஒரே நாள் போட்டிதான், ஐந்து நாடுகள்தான், ஆனால் இருபதாயிரம் பேர் பார்க்க வந்தார்கள். ஒலிம்பிக்காரர்களுக்கு வந்த கோபம் பெயரைப் பற்றித்தான். பெயரை மாற்றிக்கொள்கிறோம், நீங்கள் போட்டிகளைச் சேருங்கள் என்று பேரம் நடந்து, 1928 அம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு ஐந்து மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் கிடைத்தன. ஐந்து போதாது என்று பிரித்தானியப் பெண்கள் போகவே இல்லை. அந்த முறை 800 மீற்றர் ஓட்டத்தை ஜேர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்து நிலத்தில் விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்க, பெண்ணுடம்புக்கு இது தாங்காது என்று அந்த ஓட்டத்தைத் தூக்கிவிட்டார்கள், 1960 வரைக்கும். ஆண்கள் விழுந்தால் வீரம், பெண்கள் விழுந்தால் வருத்தம்! பெண்களுக்கு மரதன் கிடைத்தது 1984இல்தான்.

தொழிலாளர் இயக்கங்களும் இதே வழியில் போயின. 1925இல் பிராங்க்பேர்ட்டில் தொழிலாளர் ஒலிம்பியாட் நடந்தது, 1931இல் வியன்னாவில் நடந்ததில் பங்குபற்றியவர்கள் அடுத்த ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குப் போன ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேரை விடப் பல மடங்கு. 1936இல் ஹிட்லரின் பேர்லினுக்கு மாற்றாக பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பியாட் ஒன்று ஆயத்தமானது. ஜூலை 19 தொடங்க வேண்டும், அதே நாள் காலையில் பார்சிலோனாத் தெருக்களில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. ஓட வந்த சிலர் துவக்கைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். இந்தக் கதையெல்லாம் பாடப் புத்தகங்களில் வராது, பேர்லினில் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றது மட்டும் வரும்.

காது கேளாதோருக்கு 1924இலேயே பரிசில் தனிப் போட்டி, ஒன்பது நாடுகள். மாற்றுத்திறனாளிகளின் பராலிம்பிக் கதை இன்னும் கனமானது, எங்கள் பக்கத்துக்கு நெருங்கியதும்கூட. லுட்விக் குட்மன் என்ற யூத நரம்பியல் வைத்தியர் நாசிகளிடம் இருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். 1944இல் ஸ்டோக் மண்டவில் என்ற இடத்து ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு முறிந்த படையினருக்கான பிரிவு அவர் கையில் வந்தது. அந்தக் காலத்தில் முள்ளந்தண்டு முறிந்தவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சாவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வழக்கம். குட்மன் அவர்களை எழுப்பி உட்காரவைத்து, பந்தைக் கொடுத்து, வில்லைக் கொடுத்து விளையாடச் சொன்னார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். 1952இல் ஒல்லாந்தில் இருந்து ஒரு குழு வந்து சேர, அது சர்வதேசப் போட்டி ஆனது. 1960இல் ரோமில் 23 நாடுகள், சுமார் 400 பேர். போர் உடைத்த உடம்புகளுக்கான வைத்தியமாகத் தொடங்கியது அது. கை கால் இழந்தவர்கள் எல்லா இனத்திலும் எல்லா ஊரிலும் இருக்கிற எங்கள் மாகாணத்தில் இதைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்கு விளங்குவதில்லை. இலங்கை 2021இல் டோக்கியோவில் பெற்ற பராலிம்பிக் தங்கமும், தினேஷ் பிரியந்த ஹேரத்தின் ஈட்டி, ஒரு காயப்பட்ட படைவீரரின் கையில் இருந்து போனதுதான்.

இனி ஆசியாவுக்கு வருவோம். விளையாட்டு எங்களிடம் எந்தக் கப்பலில் வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் பாதிரிமார் வந்த கப்பலில்தான். மணிலாவில் வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த எல்வூட் பிரவுன் என்ற அமெரிக்கர் முன்னின்று 1913இல் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டியைத் தொடங்கினார், பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றும் முக்கியமான நாடுகள். கூடைப்பந்தும் கரப்பந்தும் அமெரிக்காவில் அதே வை.எம்.சி.ஏ.யில் கண்டுபிடிக்கப்பட்ட விளையாட்டுகள், அவர்களே அவற்றை ஆசியா முழுக்கக் கொண்டுபோனார்கள். மட்டக்களப்பில் கூடைப்பந்து வேரூன்றியதும் இதே மாதிரித்தான், இங்கே வந்தவர்கள் வை.எம்.சி.ஏ. ஆட்கள் இல்லை, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்து இயேசு சபைக் குருமார். புனித மிக்கேல் கல்லூரிக்குக் கூடைப்பந்தில் ஒரு பெயர் இருப்பதற்கும், நகரின் மைதானம் வெபர் அடிகளாரின் பெயரில் இருப்பதற்கும் காரணம் அதுதான். தூரகிழக்குப் போட்டி 1934 வரை ஓடி, ஜப்பான் பிடித்துவைத்த மஞ்சூரியாவைத் தனி நாடாகச் சேர்ப்பதா என்ற சண்டையில் உடைந்துபோனது.

அதே 1934இல் டெல்லியில் மேற்காசியப் போட்டி என்று ஒன்று நடந்தது. இந்தியா, ஆப்கானிஸ்தான், பலஸ்தீனம், இலங்கை, நான்கே நாடுகள். குரு தத் சோந்தி என்ற பஞ்சாப் பேராசிரியர் ஏற்பாட்டாளர்களில் முக்கியமானவர். பேரரசு விளையாட்டுகளில் எங்களுக்கு வாசல் திறந்தது 1938 சிட்னியில், குத்துச்சண்டையில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கம் வென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்தான் இலங்கை போன முதல் ஒலிம்பிக், சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி எடுத்தார். அதற்குப் பிறகு அடுத்த பதக்கத்துக்கு 2000இல் சுசந்திகா ஜயசிங்க வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வென்ற வெண்கலம், மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்தது வெளியானதால் பின்னர் வெள்ளியானது.

அந்த 1948 லண்டனில்தான் சோந்தி ஆசிய நாட்டுப் பிரதிநிதிகளைக் கூட்டிவைத்து, எங்களுக்கென்று ஒரு போட்டி வேண்டும் என்று பேசினார். 1951 மார்ச்சில் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி, 11 நாடுகள், இலங்கையும் அதில். லண்டனுக்கு அழைக்கப்படாத ஜப்பானை டெல்லி அழைத்தது, இதைக் கவனிக்க வேண்டும்.

1958இல் மூன்றாவது ஆசியப் போட்டி டோக்கியோவில். உயரம் பாய்தலில் யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. போட்டி நடந்தது மே 24 முதல் ஜூன் 1 வரை. அந்த நாட்களில் இலங்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாரையும் கேட்டால் சொல்வார்கள். தமிழருக்கு எதிரான 58 கலவரம் பற்றி எரிந்துகொண்டிருந்தது, மே 27 அவசரகாலச் சட்டம் வந்தது. நாட்டின் பெயரை உடுப்பில் போட்டுக்கொண்டு ஒரு தமிழர் அந்த நாட்டுக்கு முதல் தங்கத்தை வாங்கிய வாரமும் அதுதான். அந்த இரண்டு செய்தியையும் ஒரே பத்திரிகையில் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்.

1962இல் அடுத்த ஆசியப் போட்டி ஜகார்த்தாவில். இந்தோனேசியா இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் விசா கொடுக்கவில்லை, ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநிறுத்தியது. அந்த நாட்டு ஜனாதிபதி சுகர்னோ பணிந்துபோகிற ஆள் இல்லை. 1963 நவம்பரில் 'புதிதாக எழும் நாடுகளின் விளையாட்டு' என்று தானே ஒன்றைக் கூட்டினார். அரசியலும் விளையாட்டும் வேறு வேறு என்ற பேச்சையே அவர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள், அந்த மட்டுக்கும் அது நேர்மைதான். ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் ஆட்களே. வடகொரிய வீராங்கனை சின் கும் டான் அந்தக் காலத்தில் 400, 800 மீற்றரில் உலகில் யாரும் எட்ட முடியாத வேகத்தில் ஓடியவர், ஜகார்த்தாவில் ஓடியதால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்குத் தடை. வடகொரிய அணி மொத்தமும் திரும்பிப் போனது. போகிறதற்கு முன் டோக்கியோவில் அவரைச் சந்திக்க ஒருவர் வந்தார், கொரியப் போரில் பிரிந்து தென்கொரியாவில் இருந்த தகப்பன். சில நிமிடங்கள்தான் விட்டார்கள். மகள் ஓடுகிறாள் என்று பத்திரிகையில் பார்த்துத் தேடி வருகிற தகப்பனை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு பகிஷ்கரிப்புக் காலம். 1976இல் ஆபிரிக்க நாடுகள் மொன்றியலை விட்டு வெளியேறின, இனஒதுக்கல் தென்னாபிரிக்காவோடு நியூசிலாந்து ரக்பி ஆடியது காரணம். 1980இல் அமெரிக்கா மொஸ்கோவுக்குப் போகவில்லை, 1984இல் சோவியத் லொஸ் ஏஞ்சல்சுக்குப் போகவில்லை. 1986 எடின்பரோ பொதுநலவாயப் போட்டியை, அதாவது பழைய பேரரசு விளையாட்டை, 59 நாடுகளில் 32 நாடுகள் புறக்கணித்தன. இவை வீண் என்று சொல்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. தென்னாபிரிக்காவை 1964 முதல் 1992 வரை ஒலிம்பிக்குக்கு வெளியே வைத்திருந்தது அங்குள்ள வெள்ளையருக்கு உறைத்த சில விஷயங்களில் ஒன்று. வாசலைப் பூட்டுவதும் சில நேரம் நியாயமாகத்தான் இருந்திருக்கிறது.

தெற்காசியாவுக்கு 1984இல் காத்மண்டுவில் தனிப் போட்டி வந்தது, ஏழு நாடுகள். எங்கள் விளையாட்டான கபடி தெற்காசியப் போட்டிகள் வழியாக மேலேறி 1990 பீஜிங்கில் ஆசியப் போட்டிக்குள் நுழைந்தது. நிந்தவூர்ப் பக்கத்துப் பெடியள் கபடியை வைத்து இலங்கை அணிக் கனவு காண முடிவதே அந்தக் கதவு திறந்ததால்தான். 2006 ஓகஸ்டில் பத்தாவது தெற்காசியப் போட்டி கொழும்பில் நடந்தது. மாவிலாறில் தொடங்கிய சண்டையில் மூதூரில் இருந்து சனம் ஓடியதும் அதே ஓகஸ்டில். யாரும் சமாதானத் தீர்மானம் போட்டதாக ஞாபகம் இல்லை.

இப்போது வாசலில் நிற்பது ஆட்களை விடக் காசு. 1976இல் மொன்றியல் பட்ட கடனை அடைத்து முடித்தது 2006இல். 2018 பொதுநலவாயப் போட்டியை அம்பாந்தோட்டையில் நடத்தப்போகிறோம் என்று இலங்கை பெரிய எடுப்பில் கிளம்பி, 2011இல் கோல்ட் கோஸ்டிடம் 43க்கு 27 என்று வாக்கெடுப்பில் தோற்றது. அன்றைக்குக் கவலைப்பட்டவர்கள் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது ஒரு பெருமூச்சு விட்டிருக்கலாம், அந்தக் கடனும் சேர்ந்திருந்தால் வரிசை இன்னும் எவ்வளவு நீண்டிருக்குமோ. 2022 போட்டி டேர்பனிடம் இருந்து கைமாறி பேர்மிங்காமுக்குப் போனது. 2026ஐ நடத்துவதாகச் சொன்ன அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவைப் பார்த்து 2023இல் கைகழுவியது, கிளாஸ்கோ பத்தே விளையாட்டுகளோடு சுருக்கி நடத்த ஏற்றுக்கொண்டது. ஆசியப் போட்டி மட்டும் எதிர்ப்பக்கமாக வீங்குகிறது, 2023 ஹாங்சோவில் சுமார் 12,000 வீரர்கள், ஒலிம்பிக்கை விடக் கூட.

கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. 2016 ரியோவில் நாடில்லாதவர்களுக்கென்று பத்துப் பேர் கொண்ட அகதிகள் அணி முதன்முதலாக நடந்து வந்தது, 2024 பரிசில் அந்த அணியின் சிண்டி ங்காம்பா குத்துச்சண்டையில் முதல் பதக்கத்தை எடுத்தார். டோக்கியோவில் அலைச்சறுக்கல் உள்ளே வந்தது, அறுகம்குடாவில் அலையோடு வளர்கிற பிள்ளைகளுக்கு அது தூரத்துப் பேச்சு இல்லை.

2028 லொஸ் ஏஞ்சல்சில் கிறிக்கெட்டும் வருகிறது, 1900 பரிசில் பிரித்தானியாவும் பிரான்சும் ஆடிய ஒரேயொரு ஆட்டத்துக்குப் பிறகு. எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய செய்தி. ஆனால் ஒலிம்பிக்கில் நாட்டு ஒலிம்பிக் குழு இருந்தால்தான் அணி, மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரு நாடு கிடையாது. 1998 கோலாலம்பூர் பொதுநலவாயப் போட்டியில் கிறிக்கெட் வைத்தபோதும் பார்படோஸ், ஜமைக்கா, அன்ரிகுவா என்று பிரிந்துதான் வந்தார்கள், இலங்கை அதில் நான்காவது. லொஸ் ஏஞ்சல்சில் ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு அணிகள்தான். ஆசியாவில் மட்டும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று ஐந்து டெஸ்ட் நாடுகள் இருக்கின்றன. மற்றக் கண்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டு இந்த ஐந்தில் எத்தனையை ஆறுக்குள் அடக்குவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.